சூரன் மெல்லாமல் விழுங்கிய சோறு

கரட்டுக் காட்டோரம் ஓர் ஆட்டுப்பட்டி. அதற்குக் காவல் சூரன் என்ற வேட்டை நாய். அகன்ற நெஞ்சு, ஒட்டிய வயிறு, நெட்டைக் கால். நான்கு வருடமாக அங்கே அவன் வைத்ததுதான் சட்டம்.

அந்தப் பட்டிக்குப் புள்ளி என்றொரு பெண் நாய் வந்து சேர்ந்தாள். வந்த அன்றே மேய்ப்பர் முத்திருளன் அவளை மடியில் போட்டுக் காதைத் தடவினார். அவ்வளவுதான்! சூரனுக்கு வயிறு எரிந்தது.

"நாலு வருசமா காவல் காக்கிறேன். என் காதை ஒருநாள் தடவியிருப்பாரா? இன்னிக்கு வந்தவளுக்கு என்ன கொஞ்சல்!"

"அவ காதுல உண்ணி இருக்குப்பா! அதைத்தான் எடுக்கிறாரு!" என்றாள் சடைச்சி என்ற வெள்ளாடு.

சூரன் காதில் அது ஏறவே இல்லை.

மதியம் இரண்டு நாய்களுக்கும் ஒரே கல்தொட்டியில் கம்மஞ்சோறு கொட்டினார் முத்திருளன். 'இவளுக்கு ஒரு வாய்கூட மிஞ்சக் கூடாது!' என்று சூரன் பாய்ந்தான். மெல்லவே இல்லை. விழுங்கினான், விழுங்கினான், தொட்டி காலியாகும்வரை விழுங்கினான். தொண்டை அடைத்தது. ஆடுகளுக்கு வைத்திருந்த தண்ணீரையும் ஒரு வாளி குடித்துத் தீர்த்தான். புள்ளி வெறும் தொட்டியை நக்கியதைப் பார்த்த பிறகுதான் அவன் மனசு குளிர்ந்தது.

அந்த நேரம் பார்த்துப் புதரிலிருந்து ஒரு முயல் ஓடியது. புள்ளி காதை நிமிர்த்தினாள்.

"அது என் முயல்!" என்று கத்திக்கொண்டே சூரன் முந்தினான். கரட்டுக் குன்றின் அடிவாரம் வரை துரத்தினான். முயல் தப்பித்துவிட்டது.

திரும்பி வந்தவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. படுத்தான், எழுந்தான், தன் விலாவையே திரும்பித் திரும்பிப் பார்த்தான். குமட்டிக் குமட்டி வந்தது. வெளியே வந்தது வெறும் நுரைதான். ஒட்டியிருந்த வயிறு புடைத்துக்கொண்டே போனது.

"அண்ணே, என்ன செய்யுது?" என்று ஓடி வந்தாள் புள்ளி.

"நான் படுத்தா என் காவலைப் பிடிச்சுக்கலாம்னு பாக்குறியா? போடி!" என்று உறுமிவிட்டு, இலந்தைப் புதருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். வலியில் உயிர் போனது. ஆனாலும் அவள் பார்க்க முனகக் கூடாது என்று வீம்பு!

சடைச்சி எட்டிப் பார்த்தாள். "அட, வெறும் உப்புசம்! எங்களுக்கு வராததா? எண்ணெய் ஊத்துவாரு, ஏப்பம் விடுவோம், சரியாப் போயிடும். சாயங்காலம் வரைக்கும் பொறு!"

"பொறுத்தா செத்துருவாரு!" என்று அலறினாள் புள்ளி. "ஆட்டு வயிறு வேற, நாய் வயிறு வேற! என்கூடப் பிறந்தவனும் இப்படித்தான் நுரையாக் கக்கினான். 'செமிச்சிடும்'னு விட்டுட்டாங்க. பொழுது சாயறதுக்குள்ள போயிட்டான்!"

சூரனுக்கு முதல் முறையாகப் பயம் வந்தது.

புள்ளி ஓடிப்போய் முத்திருளனின் வேட்டியைப் பிடித்து இழுத்து வந்தாள். அவர் சூரனின் வயிற்றைத் தட்டினார். தம்பட்டம் போல் 'டம்' என்றது. ஆடு வளர்ப்பவர் அல்லவா! கை தானாக எண்ணெய்ப் புட்டியை எடுத்தது. புள்ளி எகிறி அதைத் தட்டிவிட்டாள். புட்டி மண்ணில் கவிழ்ந்தது.

"ஏய்!" என்று கம்பை ஓங்கியவர், சூரனின் ஈறு வெளுத்திருப்பதைக் கண்டார். புள்ளி அவருடைய பைக்கின் அருகே நின்று விடாமல் குரைத்தாள்.

"ஐயோ, இது ஆட்டு உப்புசம் இல்ல!" என்று சூரனைத் தூக்கிக்கொண்டு பைக்கில் கால்நடை மருத்துவமனைக்குப் பறந்தார்.

"இரைப்பை காத்து அடைச்சு முறுக்கிக்கிச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா பிழைச்சிருக்காது," என்றார் கால்நடை மருத்துவர். வயிற்றைத் திறந்து, முறுக்கிய இரைப்பையைச் சரிசெய்து தைத்தார். "இனிமே கொஞ்சங் கொஞ்சமா, தனித்தனியா வைங்க. தின்னதும் ஓட விடாதீங்க!"

பத்து நாள் கழித்துச் சூரன் பட்டிக்குத் திரும்பினான். இப்போது இரண்டு சட்டிகள். முத்திருளன் சோறு வைத்துவிட்டு, போகிற போக்கில் புள்ளியின் காதைத் தடவினார். உண்மையைச் சொல்வதென்றால், சூரனுக்கு மறுபடியும் லேசாக எரியத்தான் செய்தது. ஓரக்கண்ணால் அவள் சட்டியைப் பார்த்தான். சோறு வைத்தபடியே இருந்தது.

"ஏன் நீ சாப்பிடல?" என்று கேட்டான்.

"நீங்க மெதுவா சாப்பிடுறீங்களான்னு பாத்துக்கிட்டு இருந்தேன், அண்ணே!"

சூரன் தலை குனிந்தான். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, ஒவ்வொரு வாயாக மென்று தின்றான்.

அடுத்தவர் பங்கின் மேல் கண் வைத்துத் தின்பவன் தன் உயிருக்கே உலை வைத்துக்கொள்கிறான்.