நொண்டாத கீரிக்குட்டி

மருதங்காட்டுக் குளக்கரையில் ஒரு பெரிய பொந்து இருந்தது. தாய் தகப்பனைத் தொலைத்த குட்டிகளை எல்லாம் ஒரு நீர்நாய் அதில் வைத்துக் காப்பாற்றி வந்தது. மழைக்காலம் வந்தால் குளம் பெருகிப் பொந்துக்குள் தண்ணீர் ஏறிவிடும். அதற்குள் ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு வீடு பார்த்தாக வேண்டும்.

விளம்பர வேலை வெள்ளையப்பன் என்ற கரிச்சான் குருவியுடையது. உடம்பில் மருந்துக்கும் வெள்ளை கிடையாது. பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். மாலையில் மிருகங்கள் தண்ணீர் குடிக்க வரும்போது அது கிளையில் உட்கார்ந்து, "இன்ன குட்டி இருக்கிறது, யார் வளர்க்கிறீர்கள்?" என்று அறிவிக்கும்.

அந்த ஆண்டு பட்டாணி என்ற கீரிக்குட்டி மட்டும் மிஞ்சியது. "ஆரோக்கியமான கீரிக்குட்டி" என்று சொன்னபோது ஒருவரும் தலை நிமிரவில்லை. ஒரு நாள் வெள்ளையப்பன், "புலி கடித்துக் கால் முறிந்த குட்டி" என்று அடித்துவிட்டது. கரை முழுக்க "அச்சச்சோ" என்றது. மறுநாள் கால் வைக்க இடமில்லை.

அந்த "அச்சச்சோ" வெள்ளையப்பனுக்குத் தேனாக இனித்தது. வீடு பார்ப்பது மெல்ல மறந்துபோனது. நேற்றைவிட இன்று சத்தம் கூடியதா என்பதே கவலையாகிவிட்டது.

"அண்ணே, இன்னைக்கு எந்தக் கால நொண்டணும்?" என்று பட்டாணி கேட்கும்.

"இடது பின்னங்கால். நேத்து மாதிரி பாதியில மாத்தித் தொலைக்காதே."

நீர்நாய்க்கு இது பிடிக்கவில்லை. "கூட்டம் சேருது, சரி. யாராவது கூட்டிட்டுப் போறாங்களா?"

"என்னக்கா இப்படிக் கேட்கிறீங்க? நேத்து மான் கூட்டமே அழுதுச்சே."

"அழுதுட்டு?"

"தண்ணி குடிச்சிட்டுப் போயிடுச்சு."

வானம் கறுத்தது. பொந்தின் வாசலில் ஈரம் கசிந்தது. அன்று மாலையும் பட்டாணி நொண்டியது, கரை அழுதது. அப்போது ஒரு முள்ளம்பன்றி மரத்தடிக்கு வந்தது.

"தம்பி, இந்தப் பிள்ளை என்ன சாப்பிடும்? தூக்கத்துல பயந்து அழுமா?"

எந்தக் கதைக்கு யார் அழுவார்கள் என்பது வெள்ளையப்பனுக்கு அத்துப்படி. பட்டாணி என்ன சாப்பிடும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"நான் தினமும் வர்றேம்ப்பா," என்றது முள்ளம்பன்றி. "கூட்டிட்டுப் போக ஆசைதான். ஆனா என் வளை பாறைச் சரிவுல இருக்கு. கால் முறிஞ்ச பிள்ளை எப்படி ஏறும்? அதான் பார்த்துட்டுத் திரும்பிடறேன்."

குருவி கரையைப் பார்த்தது. கூட்டம் இன்னும் கலையவில்லை. உண்மையைச் சொன்னால் நாளைக்கு ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். சொல்லாவிட்டால் முள்ளம்பன்றி போய்விடும், மழை வந்துவிடும்.

"அதுக்குக் கால்ல ஒண்ணுமில்லைம்மா. நான்தான் நொண்டச் சொன்னேன்."

கரை கொந்தளித்தது. "அப்ப நான் அழுத அழுகை?" என்று சீறியது மயில். "இனி இந்தப் பக்கம் தண்ணி குடிக்கவே வரமாட்டோம்," என்று மான்கள் கிளம்பின.

முள்ளம்பன்றிக்கு அது எதுவும் காதில் விழவில்லை. "எங்கே கண்ணு, ஓடிக் காட்டு."

பட்டாணி பழக்கதோஷத்தில் இரண்டடி நொண்டியது. பிறகு நான்கு காலும் பறக்க மரத்தைச் சுற்றி வந்து, முட்களில் மோதாமல் மயிரிழையில் நின்றது.

"தேள்னா உசிரு. தவளையைக் கண்டா ஒளிஞ்சுக்குவான். குறட்டை வேற விடுவான்," என்றது நீர்நாய், எதையும் மறைக்காமல்.

"விடட்டும். என் வளையில பேச்சுச் சத்தமே இல்லை."

முள்ளம்பன்றியும் பட்டாணியும் சரிவேறிப் போயின. அன்று கொட்டிய மழையில் பொந்து விளிம்புவரை நிரம்பியது. உள்ளே ஒரு குட்டியும் இல்லை.

அடுத்தவர் துன்பத்தைப் பெரிதாக்கிச் சொன்னால் கூட்டம் சேரும். உள்ளதை உள்ளபடி சொன்னால்தான் உதவ நினைப்பவருக்கு வழி தெரியும்.