ரணகள்ளித் தொட்டியும் வாய் ஓய்ந்த பல்லியும்

ஹால் சுவரில், தினசரி காலண்டருக்குப் பின்னால் ஒரு பல்லி இருந்தது. கீழே, ஜன்னலோரம் விரித்த சாக்கில் போண்டா என்ற நாய்க்குட்டி இருந்தது. பல்லிக்கு எந்நேரமும் அலுப்பு. போண்டாவுக்கு எந்நேரமும் பசி.

பல்லியின் அலுப்புக்குக் காரணம் உண்டு. அந்த வீட்டில் அது என்ன சொன்னாலும் ‘சரி’ என்றே எடுத்துக்கொண்டார்கள். கைக்கு எட்டிய கொசு தப்பிவிட்டதே என்று ஒருமுறை ‘ச்சே’ கொட்டியது. கீழே இழுபறியாக இருந்த கல்யாணப் பேச்சு அந்த நிமிடமே முடிவாகிவிட்டது. இன்னொரு முறை, கூரை ஒழுகுகிறது என்று கத்தியது. மேலே இன்னோர் அறை கட்ட நல்ல சகுனம் என்றார்கள். எத்தனை நாள்தான் ஒரு பல்லி தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தும்?

இப்படி இருக்கையில், வீட்டுக்காரர் பிச்சையாவுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. ஆபீஸில் யாரோ ஒருவர் ரணகள்ளித் தொட்டி ஒன்றைக் கொடுத்து, காலையில் ஓர் இலை மென்றால் கல் கரைந்துவிடும் என்று சொல்லி அனுப்பினார். தடித்த சதைப்பற்றான இலைகள். இலையின் ஓரமெல்லாம் குட்டிச் செடிகள் முளைத்திருந்தன. பிச்சையாவின் மனைவி செண்பகவல்லி வெயில் வரும் இடம் பார்த்து, போண்டாவின் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே தொட்டியை வைத்தாள்.

பல்லிக்குத் திக்கென்றது. இந்த வீட்டுக்கு வருமுன் அது ஒரு கால்நடை டாக்டரின் கிளினிக்கில் குடியிருந்தது. இந்த இலையைத் தின்ற நாய்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்களைப் பார்த்திருக்கிறது. வந்த நாய்களில் சில பிழைக்கவில்லை. மனிதருக்கு இந்தச் செடி நல்லதா என்பது அதற்குத் தெரியாது. நாய்க்கு நஞ்சு என்பது நன்றாகத் தெரியும்.

“அங்கே வைக்காதே, எடு!” என்று கத்தியது.

செண்பகவல்லி முகம் மலர்ந்து, விரலால் தரையைத் தட்டிக்கொண்டாள். “பாத்தியளா, பல்லியே சொல்லிட்டு. இந்த எடந்தான் ராசி.”

சரி, பெரியவர்களிடம் பேசிப் பயனில்லை, சின்னவனிடம் சொல்லிப் பார்ப்போம் என்று பல்லி சுவரில் பாதி தூரம் இறங்கி வந்தது. ஏலே, அந்தச் செடியில் வாய் வைத்துவிடாதே, உயிருக்கே ஆபத்து என்றது. போண்டா காதைச் சொறிந்துகொண்டே கேட்டது.

“பல்லியக்கா, அய்யா தெனமும் ஒரு எலை திங்காரு. அவருக்கு ஒண்ணும் ஆவலையே?”

“அவரு ஒடம்பு வேற, ஒன் ஒடம்பு வேறலே.”

“அவரு தட்டுலேருந்து நான் தோசை தின்னேன். நல்லாத்தான இருந்துச்சு.”

பல்லி அலுத்துப்போய்த் திரும்பியது. மெல்ல ஏறி மறுபடி காலண்டருக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

பயந்தது, பிச்சையா வீட்டில் இருந்த ஒரு மத்தியானம் நடந்தே விட்டது. போண்டா கீழ்க்கிளையில் இருந்த இலைகளைக் கடித்துத் தின்றது. கசந்தது. அய்யா திங்கிறாரே என்று இன்னும் கொஞ்சம் தின்றது. சற்று நேரத்தில் எச்சில் ஒழுகியது. வாந்தி எடுத்தது. பிறகு சாக்கில் சுருண்டு விழுந்து, கூப்பிட்டாலும் தலை தூக்காமல் கிடந்தது. அதன் நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொள்வது மேலேயிருந்த பல்லிக்கே தெரிந்தது.

செண்பகவல்லி பதறிப்போனாள். குட்டியின் மேல் அவளுக்கு உயிர். “வெயில் சூடுதாங்க. இந்த ரணகள்ளி குளிர்ச்சிதான? ரெண்டு எலைய அரைச்சு மோர்ல கலந்து குடுத்திருவோம்” என்று சொல்லி, தொட்டியில் கை வைத்து இலையைக் கிள்ளினாள்.

பல்லி வாயைத் திறந்தது. அப்புறம் மூடிக்கொண்டது. இப்போது கத்தினால் என்ன ஆகும் என்று அதற்குத் தெரியும். பல்லியே சொல்லிட்டு என்பாள், மோரை ஊற்றிவிடுவாள், குட்டி செத்துவிடும். பேசிப் பேசி வாய் ஓய்ந்ததுதான் மிச்சம். பேசாமல் என்ன செய்யலாம்?

அது படுத்திருந்தது காலண்டருக்குப் பின்னால் அல்லவா? அந்தக் காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் ‘பல்லி விழும் பலன்’ அச்சடித்திருந்தார்கள். தன்னைப் பற்றி மனிதர்கள் எழுதியதை அது பொழுதுபோகாமல் பலமுறை படித்திருக்கிறது. தலையில் விழுந்தால் ஆகாது என்று அதில் இருந்தது.

பல்லி சுவரிலிருந்து மேற்கூரைக்கு ஊர்ந்தது. செண்பகவல்லியின் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து, கையையும் காலையும் விட்டது.

அவள் அலறிக்கொண்டு தலையைத் தட்டினாள். இலை ஒரு பக்கம் விழுந்தது. பல்லியின் வால் அறுந்து இன்னொரு பக்கம் விழுந்தது. “ஐயோ, தலையில விழுந்துட்டே! குட்டிக்கு என்னமோ ஆவப் போவுது. தூக்குங்க, டாக்டர்ட்ட போவோம்” என்றாள். பிச்சையா குட்டியை வாரி எடுத்துக்கொண்டு ஓடினார்.

டாக்டர் போண்டாவின் பல்லிடுக்கில் இருந்த இலைத் துணுக்கை எடுத்துப் பார்த்துவிட்டு, நன்றாகத் திட்டினாராம். இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றாராம். குட்டி பிழைத்து வீட்டுக்கு வந்தபோது, தொட்டி வீட்டைவிட்டுப் போயிருந்தது.

போண்டா வாலில்லாத பல்லியைப் பார்த்து அழுதது. “என்னாலதான ஒங்க வாலு போச்சு?”

“முளைச்சிரும்லே. போய்த் தூங்கு” என்றது பல்லி. அதற்கும் தூங்கவேண்டும் போலிருந்தது.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரி அழகாகத் தழைத்த சோற்றுக்கற்றாழைத் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். அதுவும் நாய்க்கு ஆகாத செடிதான். செண்பகவல்லி காலண்டரை அண்ணாந்து பார்த்தாள். பல்லிக்கு நாக்கு துடித்தது. ஆனால் இந்த முறை அது வாயையே திறக்கவில்லை. அவள் காத்திருந்து பார்த்தாள். கேட்டுக்கொள்ள ஒரு சத்தமும் வராததால், அன்றைக்குத்தான் முதன்முறையாக யோசித்தாள்.

“எதுக்கும் டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டு, தொட்டியை வாங்காமலே போனை எடுத்தாள்.

தான் நினைத்ததையே கேட்க விரும்புகிறவர் காதில் எச்சரிக்கையும் சம்மதமாகத்தான் விழும். ஆகையால் வாயில்லாத உயிரின் பக்கத்தில் ஒன்றை வைக்குமுன், சகுனம் பார்க்காமல் தெரிந்தவரைக் கேளுங்கள்.