உள்ளங்கை அளவு

"அம்மா, இந்த மலையில என்னோட பேச ஒருத்தருமில்லை."

அமிர்தவல்லி பாறையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். திரும்பவில்லை.

குருவான அவருக்கு வயது நாற்பத்தைந்து. சீடர் வேதரத்தினத்துக்கு அறுபத்திரண்டு. முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துவிட்டவர். மனைவி போன பிறகு அவர் வீட்டு போன் அடிக்கவேயில்லை. செஞ்சிப் பக்கத்து இந்த மொட்டை மலைக்கு ஏறி வந்து ஏழு மாதம் ஆகிறது.

"நீங்களும் பேசறதில்லை."

"கேக்கறேனே."

"எந்நேரமும் அந்தப் பாறையைத்தானே பாக்கறீங்க?"



மறுநாள் அமிர்தவல்லி அரிசி வாங்கக் கீழே இறங்கினார்.

வேதரத்தினம் தனியாக இருந்தார். குருவுக்கு ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்தது.

குரு பார்க்கும் பாறையில் சாம்பலும் மஞ்சளுமாக ஒரு படை, உள்ளங்கை அளவு. பழைய கரண்டியை எடுத்துச் சுரண்டினார். லேசில் வரவில்லை. கல்லோடு கல்லாக ஒட்டியிருந்தது. உச்சிவெயில் வரை சுரண்டி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். பாறை வெளுத்துத் தெரிந்தது.

வெகுநாளைக்குப் பிறகு மனம் லேசாக இருந்தது.

சாயங்காலம் அமிர்தவல்லி வந்தார். அரிசிப் பையோடு அப்படியே நின்றார்.

"தேமல் மாதிரி அசிங்கமா இருந்துச்சு. சுத்தம் பண்ணிட்டேன்மா."

வெளுத்த இடத்தில் அவர் விரலை வைத்தார். 

"நான் இங்க வந்தப்ப எனக்கு இருபது வயசு. அது மிளகளவு இருந்தது."

"அதுக்கு உயிர் இருக்கா?"

"ரெண்டு உயிர். காளானும் பாசியும் சேர்ந்தது. ஒண்ணு வீடு கட்டும். ஒண்ணு சோறாக்கும். பிரிச்சா இந்த வெயில்ல ரெண்டும் நிக்காது."

வேதரத்தினம் வெளுத்த பாறையைப் பார்த்தார். மனைவி இறந்த அன்றுகூட அழாதவர், அழுதார்.

"திரும்ப வருமாம்மா?"

"வரலாம்."

"எப்ப?"

"பழையபடி ஆகறப்போ நீங்க இருக்க மாட்டீங்க. நான் இருப்பேனோ என்னவோ."

"நான் ஊருக்கே போயிடறேன். இனிமே உங்க முகத்துல எப்படி முழிப்பேன்?"

அமிர்தவல்லி எப்போதும் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்தார். எதிரே பாறையடியில் இருந்த இடத்தைக் கையால் காட்டினார்.

வேதரத்தினம் வந்தார். தளர்ந்துபோய், சுரண்டிய இடத்திலேயே முதுகைச் சாய்த்தார்.

 காற்று வந்து போயிற்று.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்க," என்றார் அமிர்தவல்லி. "அது வர்றதுக்கு இடம் வேணும்."