நடுவில் கிடந்த கிராமம்

கம்ப்யூட்டர் கேம் தயாரிக்கும் ஆபீஸில், விளையாடிப் பார்த்துக் குறை சொல்வதுதான் பூங்கோதைக்கு வேலை. முறை வைத்து ஆடும் அந்தப் போர் விளையாட்டில், கம்ப்யூட்டர் ஆடும் இரண்டு ராஜாக்களோடு மாரடித்தே அவள் அலுத்துப்போனாள். சமாதானம் பேசினாலும் அடி, கப்பம் கட்டினாலும் அடி!

"உனக்கு ஆடத் தெரியல! சாயங்காலத்துக்குள்ள ஜெயிக்கலைன்னா வேலையை விட்டுடு!" என்று கத்தினார் மேனேஜர் சிங்காரவேலு.

இரண்டு ராஜாக்களுக்கும் நடுவில் கிடந்த தன் கிராமத்தை ஒருவனுக்கு இனாமாகக் கொடுத்தாள் பூங்கோதை. இரண்டு நாட்டு எல்லையும் ஒட்டியதும் இருவரும் தங்களுக்குள் மோதி அழிந்தார்கள். மிஞ்சியது அவள் நாடுதான்.

"இந்த வித்தையை எங்கே கத்துக்கிட்டே?" மேனேஜர் வாயைப் பிளந்தார்.

"இங்கேதான் சார். உங்க ரூம்லயே இன்னொரு மேனேஜரை உட்கார வெச்சாங்களே? அவர் லீவு போடுற நாள்ல மட்டும்தான் நாங்க திட்டு வாங்குறோம்."