பாசி மெத்தையை விட்டு எழாத நண்டு

ஒரு காட்டில், ஓடை வளைந்து திரும்பும் இடத்தில், பெரிய மருத மரம் ஒன்று நின்றது. அதன் வேர்களுக்கு நடுவே வளை தோண்டி, செவத்தாள் என்ற நண்டு வாழ்ந்து வந்தது.

செவத்தாளைப் போன்ற உழைப்பாளியை அந்த ஓடையில் தேடினாலும் கிடைக்காது. விடிந்தால் மண் அள்ளும். வெயில் ஏறினால் இரை தேடும். மாலையில் பக்கத்து வளை இடிந்திருந்தால், கூப்பிடாமலே போய்ச் சரிசெய்யும். "செவத்தாளைப் போல உண்டா!" என்று நாலு பேர் சொல்லக் கேட்பதில் அதற்குக் கொள்ளை ஆசை.

ஒருநாள் செவத்தாளின் உடம்பு ஓட்டுக்குள் அடங்காமல் முட்டியது. நண்டுகளுக்கு இது வழக்கம்தான், குழந்தைகளே. உடம்பு வளரும், ஓடு வளராது. போன வருஷத்துச் சட்டை உங்களுக்குப் பத்தாமல் போகிறதே, அப்படித்தான். செவத்தாள் முக்கி முனகிப் பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டது. உள்ளே இருந்த புது ஓடு, ஊறிய அப்பளம் போலத் துவண்டு கிடந்தது. கொடுக்கைத் தூக்கினால் தொங்கியது. காலை ஊன்றினால் மடங்கியது.

வளையின் ஆழத்தில் பாசியை மெத்தையாகப் பரப்பி, செவத்தாள் படுத்துவிட்டது.

மூன்றாம் நாள் தவளை எட்டிப் பார்த்தது.

"என்ன செவத்தக்கா, இன்னுமா படுக்கை? ஊரே வேலை செய்கிறதே!"

"உடம்பு படுக்கச் சொல்கிறது, தம்பி."

"உடம்பு சொன்னால் கேட்கிறாய், நான் சொன்னால் மட்டும் எதையும் கேட்பதில்லை!" என்று சிரித்துவிட்டுத் தவளை குதித்துப் போனது. போனது சும்மா போயிற்றா? "செவத்தக்கா ஓட்டைக் கழற்றிவிட்டுப் படுத்தே கிடக்கிறது!" என்று ஓடை முழுக்கத் தம்பட்டம் அடித்தது.

அது நரியின் காதில் விழுந்தது. "ஓடில்லாத நண்டா! கடிக்கவே வேண்டாம், அப்படியே விழுங்கலாமே!" என்று நரி நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு ஓடி வந்தது.

வளையைத் தோண்டிப் பார்த்தது. மருத வேர் நகத்துக்கு அசையவில்லை. அதனால் நரி வாயைத் திறந்தது.

"உள்ளே இருப்பது செவத்தாளா? சேச்சே, இருக்காது. செவத்தாள் பெரிய உழைப்பாளி ஆயிற்றே! பட்டப்பகலில் இப்படிக் காலை நீட்டிப் படுக்குமா?"

செவத்தாளுக்குச் சுருக்கென்று தைத்தது. 'வெளியே போய் ஒரு பிடி மண்ணாவது அள்ளிக் காட்டலாமா?' என்று எழுந்தது. இரண்டு அடி வைப்பதற்குள் எட்டுக் கால்களும் எட்டுப் பக்கம் மடங்கின. அதற்கு அழுகையே வந்துவிட்டது.

'சோம்பேறி என்றே சொல்லட்டும். உயிரோடு இருந்தால் போதும்' என்று மறுபடியும் பாசியில் சாய்ந்தது.

நரிக்கு இன்னொரு வித்தை தெரியும். அதன் அப்பன், பாட்டன் எல்லாம் அப்படித்தான் நண்டு பிடித்தார்கள். வாலை வளைக்குள் விடவேண்டும். நண்டு கோபத்தில் வாலைக் கவ்வும். வெடுக்கென்று இழுத்தால், வாலோடு நண்டும் வெளியே வந்து விழும்!

நரியின் வால் உள்ளே வந்து செவத்தாளின் முகத்தில் உரசியது. அதைக் கவ்வவேண்டும் என்று கொடுக்குகள் துடித்தன. செவத்தாள் அவற்றை வயிற்றோடு மடித்து வைத்துக்கொண்டு, மூலையில் ஒடுங்கியது.

"கொடுக்குக்கும் சேர்த்து லீவு விட்டுவிட்டாயா?" என்று நரி எரிச்சலோடு போனது.

மறுநாளும் வால் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. செவத்தாள் அசையவில்லை. கழற்றிய ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்துத் தின்றது. தூங்கியது, விழித்தது, திரும்பிப் படுத்து மறுபடி தூங்கியது.

பதினோராம் நாள் காலையில் அது சோம்பல் முறித்தபோது, கொடுக்கு வேரில் இடித்தது. டக்!

செவத்தாள் இன்னொரு முறை தட்டிப் பார்த்தது. டக், டக்! ஓடு கல் போல இறுகியிருந்தது. கொடுக்கோ முன்பைவிட ஒன்றரை மடங்கு பெரிது. செவத்தாளுக்குத் தன்னைப் பார்க்கவே பெருமையாக இருந்தது.

அன்றும் வால் வந்தது. இத்தனை நாளில் நரிக்குப் பயம் விட்டுப்போயிருந்தது. வாலை அடிவரைக்கும் உள்ளே விட்டு, வளையின் மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டது.

செவத்தாள் ஒரு கொடுக்கால் மருத வேரைப் பிடித்தது. மறு கொடுக்கால் வாலைப் பிடித்தது.

"ஐயோ!" என்று நரி துள்ளி இழுத்தது. நண்டும் வரவில்லை, வாலும் வரவில்லை.

"விடு தாயே, வால் போச்சு!"

"என்ன அவசரம், நரியண்ணே? நான்தான் படுத்தே கிடக்கிறேனே. நிதானமாகப் பேசலாம்."

"இனி இந்த ஓடைப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன்!"

"சத்தமாகச் சொல்லுங்கள். தவளைக்குக் கேட்கட்டும், அது ஊருக்குச் சொல்லிவிடும்."

நரி காடே அதிரக் கத்தியது. செவத்தாள் பிடியை விட்டதும், உருண்டு ஓடையில் விழுந்து எழுந்து, திரும்பிப் பார்க்காமல் ஓடியது. வாலின் முடியில் பாதி வளைக்குள்ளேயே கிடந்தது.

ஓடையில் இருந்த நண்டுகளெல்லாம் வெளியே வந்து கொடுக்குகளைத் தட்டி ஆரவாரம் செய்தன. தவளை வாய் பிளந்து நின்றது.

"அக்கா, இவ்வளவு பலம் எங்கே கிடைத்தது?"

"இதோ, இந்தப் பாசி மெத்தையில்தான்!"

"அப்படியானால் இன்றைக்கே வேலைக்கு வந்துவிடுவாயா?"

"நாளைக்கு வருகிறேன், தம்பி" என்றது செவத்தாள். நரியின் வால்முடியை வாரி எடுத்து, பாசியின் மேல் மெத்தென்று விரித்து, அதில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது.

நீதி: உடம்பு கேட்கும் ஓய்வை வெட்கப்படாமல் கொடுத்தால், வேண்டிய நேரத்தில் அது வலிமையாகத் திரும்பி வரும்.