திம்பத்தில் நிற்கிற லாரி

"டீச்சர், நான் மறுபடி லாரிக்கே போயிடறேனுங்க."

ரெஜினா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏனுங்க?"

"இங்க எனக்கு மரியாதை இல்லீங்க."

சொன்னவன் செங்கோடன். முப்பத்தாறு வயசு, படிப்பு பத்தாவதோடு சரி. பதினோரு வருஷம் முட்டை லாரி ஓட்டியவன். லோடு இறக்கக் காத்துக் கிடந்த நேரமெல்லாம் போனில் வீடியோ பார்த்துப் பார்த்தே ப்ரோக்ராம் எழுதக் கற்றுக்கொண்டான்.

ரெஜினா அவனைவிட அஞ்சு வயசு இளையவள். அவளும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. நாமக்கல்லில் ஒரு டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை, அதில் நாலு கம்ப்யூட்டர். எந்த லாரி எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்று முதலாளிமாருக்குக் காட்டும் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறாள். செங்கோடனுக்கு மிச்சத் தொழிலைப் பழக்கியவளும் அவள்தான். அதனால் டீச்சர்.

"என்ன நடந்துச்சு?"

"நேத்துக் கோழிப் பண்ணைக்காரர் வந்தாரில்லீங்க? அந்த மேப்பு முழுக்க நான் எழுதினது. 'என்ன படிச்சிருக்கே'ன்னாரு. பத்தாவதுன்னேன். பிரசன்னாவைக் கேட்டாரு. பி.இ.ன்னான். உடனே குடிச்ச டீ கிளாஸை என் கையில குடுத்துட்டு, அவன் கையைப் புடிச்சுக் குலுக்குறாருங்க!"

"கிளாஸை என்ன பண்ணீங்க?"

"கழுவி வெச்சேன்."

"நல்லது."

செங்கோடனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அவன் வந்து ஆறு மாசங்கூட ஆகலை. பத்து விரல்லயும் டைப் அடிக்கிறான். நான் இன்னும் ரெண்டு விரல்ல குத்திக்கிட்டு இருக்கேன். அவன் அடிக்கிற சத்தம் கேட்டாலே எனக்குத் தொண்டையில சோறு எறங்க மாட்டேங்குது. நெசத்தைச் சொல்லிட்டேன்."

பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. பிரசன்னா அக்கா கல்யாணத்துக்கு மூணு நாள் லீவு.

"சரி, போங்க," என்றாள் ரெஜினா.

செங்கோடன் இதை எதிர்பார்க்கவில்லை.

"போகச் சொல்றீங்களா?"

"போறேன்னு நீங்கதான் சொன்னீங்க. போறதுக்கு முன்னால ஒரு வேலை. பிரசன்னா இதுவரைக்கும் எழுதினது பூராவையும் படிங்க. ஒரு குறை கண்டுபிடிச்சுட்டு வாங்க."

"ஒண்ணா? நூறு கொண்டாரேனுங்க!"

"ஒண்ணு போதும்."

முதல் நாள் பாதியிலேயே தெரியாத சங்கதி ஒன்று வந்து நின்றது. அது என்னவென்று தேடிப் படிக்க வேண்டியதாயிற்று. அதைப் படித்தால் இன்னொன்று. சாயங்காலம் ரெஜினா சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டிய பிறகுதான் எழுந்தான்.

"கிடைச்சுதுங்களா?"

"இல்லீங்க. பாதி புரியலை, பூட்டுப் போட்டாப்பல கெடக்குது. எப்படியும் தொறப்பேன்."

ரெண்டாம் நாள் ஓர் இடத்தில் வாய்விட்டே சொல்லிவிட்டான்: "அடப்பாவி, நல்லாத்தான் எழுதியிருக்கான்."

சொன்ன வாயைத் துணியால் துடைத்துக்கொண்டான். அன்றைக்கு மத்தியானச் சோற்றையும் அப்படியே மூடி வைத்தான்.

மூணாம் நாள் காலையில் குறை கிடைத்தது.

இருபது நிமிஷத்துக்கு மேல் ஒரு லாரி நின்றால், டிரைவர் தூங்குகிறான் என்று முதலாளி போனில் மணி அடிக்கும். பிரசன்னா எழுதியது அப்படி.

செங்கோடன் தொடையில் தட்டிச் சிரித்தான். முட்டை ஏற்றிக்கொண்டு மைசூர்ப் பக்கம் போகிற லாரி திம்பம் மலை ஏறித்தான் போக வேண்டும். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. மேலே போய்ச் சேரும்போது எஞ்சின் கொதிக்கும். அரை மணி நேரம் நிறுத்தாமல் எவன் வண்டியை எடுப்பான்?

"சிக்குனடா, என்ஜினியரே!"

மேலே தள்ளிப் பார்த்தான். அந்த வரிக்கு மேல் பிரசன்னா தமிழில் என்னவோ குறித்து வைத்திருந்தான். ப்ரோக்ராமுக்கு நடுவில் அப்படி நாலு வார்த்தை எழுதி வைக்கலாம். கம்ப்யூட்டர் அதைத் தாண்டிப் போய்விடும். மனுஷன் படித்தால்தான் உண்டு.

"எல்லா லாரியும் இந்த ஒரே இடத்தில் ஏன் நிற்குதுன்னு புரியலை. ரெண்டு நாளா மண்டையை உடைக்கிறேன். செங்கோடன் அண்ணாவைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிடுவார். கேட்க வாய் வரலை. நாலு வருஷம் காலேஜில் உட்கார்ந்தவன் நான். அவர் லாரியில் உட்கார்ந்துக்கிட்டே இவ்வளவையும் கத்துக்கிட்டு வந்திருக்கார். அவரைப் பார்த்தாலே வயிறு எரியுது."

செங்கோடன் ஒரு தடவை படித்தான். இன்னொரு தடவை படித்தான். பக்கத்துக் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தான்.

மேசை மேல் போன் அதிர்ந்தது. பழைய லாரி முதலாளி.

"ஏப்பா செங்கோடா, வண்டி லோடு ஆகிட்டிருக்கு. வர்றேன்னியே, கெளம்பிட்டியா?"

"வேற ஆளைப் பாருங்க," என்றான். போனைக் கவிழ்த்து வைத்தான்.

அறையின் அந்தக் கோடியிலிருந்து ரெஜினா குரல் கொடுத்தாள்.

"குறை கிடைச்சுதுங்களா?"

"கிடைச்சுதுங்க."

"எடுத்துட்டு வாங்க, பார்ப்போம்."

செங்கோடன் எழுந்திருக்கவில்லை. பிரசன்னா எழுதியதற்குக் கீழே ரெண்டு விரலால் குத்திக் குத்தி எழுதினான்:

"எனக்கும்தான்."

அடுத்த வரியையும் எழுதினான்:

"அந்த எடம் திம்பம். ஏறி வந்த வண்டி ஆறணும். அரை மணியாவது குடு, தம்பி."