செங்கமலத்தின் படம்

பல்லியும் காக்கையும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கடலோர ஊர் ஒன்றில் கூத்தன் என்ற ஓவியன் இருந்தான். உப்பளத்தில் வேலை செய்த செங்கமலத்தின் முகத்தை அவன் ஒரு பலகையில் வரைந்து தன் வீட்டு வாசலில் மாட்டினான்.

அதைப் பார்க்க ஊர் ஊராக ஆட்கள் வந்தார்கள். வண்டியிலும் படகிலும் பானையிலும் அதே முகத்தை எழுதிக்கொண்டார்கள். இந்த அழகு தங்களுக்கு வாய்க்கவில்லையே என்று பெருமூச்சு விட்டார்கள்.

செங்கமலத்துக்குக் காய்ச்சல் கண்டது. எந்த மருந்துக்கும் இறங்கவில்லை. தலைமுடி கொட்டி, கன்னம் ஒட்டிப்போனது. படத்துக்குப் பின்னால் குடியிருந்த பல்லி கூத்தனிடம் சொன்னது, படத்தின்மேல் விழும் கண்ணெல்லாம் அவள்மேல்தான் போய் விழுகிறது, கழற்றிவிடு என்று. கூத்தன் அதை நம்பினான். ஆனாலும் அத்தனை பேர் தேடி வரும் படத்தைக் கழற்ற அவனுக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் செங்கமலமே கம்பு ஊன்றி வந்தாள். படத்தைச் சுற்றி நின்ற கூட்டத்தில் ஒருவருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை. மறைக்கிறாள் என்று ஓரமாகத் தள்ளிவிட்டார்கள்.

"அந்த முகத்த அழிச்சிடுங்கண்ணே," என்றாள். "எனக்குப் பால்குடிப் பிள்ளை இருக்கு."

கூத்தன் தரையைப் பார்த்தபடி, "தேர்த் திருவிழா முடியட்டும் தாயி," என்றான்.

தேர் ஓடிய அன்று காலையில் அவள் இறந்தாள். பாடை அந்த வழியாகப் போனபோது, படத்தின் முன் நின்றவர்கள் திரும்பக்கூட இல்லை. கூத்தன் மட்டும் சுடுகாடுவரை பின்னால் நடந்தான்.

அவன் திரும்பி வந்ததும் பல்லி சொன்னது: "பிள்ளைக்கும் காய்ச்சல் கண்டுவிட்டது. அதுவும் அவள் ஜாடைதானே."

கூத்தன் கரியைக் குழைத்தான். தான் வரைந்த முகத்திலேயே விழிகளைப் பிதுங்க வைத்தான். கடைவாயில் கோரைப்பல் இழுத்து, நாக்கைத் தொங்கவிட்டு, முறுக்கு மீசையும் வைத்தான். கூட்டம் அவனைப் பிடித்து அடித்தது. அடித்து ஓய்ந்து நிமிர்ந்தவர்கள், படத்தைக் கண்டு திடுக்கிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். யாரும் பெருமூச்சு விடவில்லை.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. கூத்தனின் வலது கை அதற்குப் பிறகு விளங்கவில்லை. அதைக் கண்ட ஊரார் தங்கள் வீடுவாசலையும் பிறர் கண்ணிலிருந்து காக்க, அந்த முகத்தைப் பார்த்து எழுதி எடுத்துப்போனார்கள்.

அன்று முதல்தான், புது வீடு எழும்பும் இடத்தில் எல்லாம் அந்தக் கோர முகம் தொங்குகிறது. அதைப் பார்க்கிற எவருக்கும் செங்கமலத்தைத் தெரியாது.